எம்எச்17: ஒரு கேள்விக்குள் பல கேள்விகள்

[திரையில்: ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் நோக்கி நீளும் கோடு, கிழக்கு உக்ரைனில் அறுந்து நிற்கிறது.]

2014 ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியன் ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம், உக்ரைன் அரசுப் படைக்கும் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளுக்கும் போர் நடந்துகொண்டிருந்த டோனெட்ஸ்க் பகுதியின் மேல், 33,000 அடி உயரத்தில் தாக்கப்பட்டது. அதிலிருந்த 298 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பழி யாருடையது என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது. எது தாக்கியது, எங்கிருந்து ஏவப்பட்டது, அந்த ஆயுதம் யாருடையது, அந்த வானில் பயணிகள் விமானத்தை யார் பறக்கவிட்டார்கள் என்பவை தனித்தனிக் கேள்விகள். வாதிடுபவர்களோ ஒன்றைக் கேட்டால் இன்னொன்றுக்கு விடை சொல்கிறார்கள்.

[திரையில்: மறுபடி பொருத்தப்பட்ட விமானத்தின் முன்பகுதி.]

முதல் கேள்விக்கான விடை சிதைவுகளிலேயே இருந்தது. தரையிலிருந்து விமானங்களை நோக்கி ஏவப்படும் புக் வகை ஏவுகணையின் வெடிமுனை விமானி அறைக்கு இடப்பக்கம், சற்று மேலே வெடித்தது என்று, விபத்துகளை ஆராயும் நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியம் 2015 அக்டோபரில் அறிவித்தது. அந்த வெடிமுனைக்கே உரிய பட்டாம்பூச்சி வடிவ உலோகத் துணுக்குகள் விமானிகள் அறையில் இருந்தவர்களின் உடல்களில் கிடைத்திருந்தன. ரஷ்யத் தரப்போ, உக்ரைனின் சு-25 போர்விமானம் அருகில் பறந்தது என்று முதலில் சொன்னது. பிறகு புக் ஏவுகணைதான், ஆனால் உக்ரைன் படையினுடையது என்றது. இந்த இரண்டு விளக்கங்களில் ஒன்று உண்மையானால் மற்றொன்று பொய்யாக வேண்டும் என்பதை விவாதங்களில் பலரும் கவனிப்பதேயில்லை.

நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பெல்ஜியம், மலேசியா, உக்ரைன் ஆகிய ஐந்து நாடுகளின் கூட்டுப் புலனாய்வுக் குழு, ஏவுகணை பிரிவினைவாதிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பெர்வோமைஸ்கி அருகே ஒரு வயலிலிருந்து ஏவப்பட்டது என்றும், ஏவுவண்டி ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரைச் சேர்ந்த 53ஆவது வான்காப்பு ஏவுகணைப் படைப்பிரிவுடையது என்றும் கண்டறிந்தது. ரஷ்யா இதை மறுக்கிறது. பன்னாட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் தீர்மானத்தையும் அது 2015 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் தன் ரத்து அதிகாரத்தால் தடுத்திருந்தது.

அடுத்த வாதம் கடினமானது: உக்ரைன் ஏன் வான்வெளியை மூடவில்லை? மூன்று நாள்களுக்கு முன் 32,000 அடிக்குக் கீழே மட்டுமே தடை விதிக்கப்பட்டது. எம்எச்17 அந்த எல்லைக்கு வெறும் ஆயிரம் அடி மேலே பறந்தது. முழுமையாக மூடப் போதிய காரணம் இருந்தது என்று அதே பாதுகாப்பு வாரியம் கூறியது. அன்று அப்பகுதிக்கு மேல் பறந்த விமானங்கள் மட்டும் 160. ஆகவே இந்தக் கவனக்குறைவில் விமான நிறுவனங்களுக்கும் பங்குண்டு. ஆனாலும் கதவைப் பூட்டாதவரின் பிழை, உள்ளே புகுந்து கொன்றவரின் குற்றத்தைக் குறைப்பதில்லை.

[திரையில்: ஹேக் நீதிமன்ற அறை.]

ராணுவ விமானம் என்று நினைத்துத் தவறாகச் சுட்டிருந்தால் கொலையாகுமா? பிரிவினைவாதப் படையைச் சேர்ந்த நால்வர் மீதான வழக்கில், 2022 நவம்பர் 17 அன்று நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றம், அப்படித் தவறு நேர்ந்திருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால், சட்டப்படி போரிடும் வீரர்களுக்குரிய பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை என்பதால் அந்தத் தவறு குற்றத்தைப் போக்காது என்றது. இகோர் கிர்கின், செர்கெய் துபின்ஸ்கி, லியோனித் கார்சென்கோ ஆகிய மூவருக்கும், அவர்கள் ஆஜராகாத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒலெக் புலாத்தோவ் விடுவிக்கப்பட்டார். என் பார்வையில், இந்த விடுதலை அத்தீர்ப்பின் நம்பகத்தன்மையைக் கூட்டவே செய்கிறது.

2025இல் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவையும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவையே பொறுப்பாக்கின. ஆனால் ஏவுவண்டிக்குள் இருந்து ஏவுகணையைச் செலுத்தியவர்கள் எந்த நீதிமன்றத்திலும் இதுவரை நிறுத்தப்படவில்லை. அவர்கள்மீது வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை என்று 2023 பிப்ரவரியில் புலனாய்வுக் குழு விசாரணையை நிறுத்திவைத்தது. கிர்கினுக்கு 2024இல் மாஸ்கோ நீதிமன்றம் நான்காண்டுச் சிறை விதித்தது. ஆனால் அது தீவிரவாதத்தைத் தூண்டியதாகத் தொடரப்பட்ட வேறொரு வழக்கு.