கிருமியே இல்லாத இடத்தில் உடல்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம், காயம் பட்டால் மருந்திட்டுக் கட்டுகிறோம். இவை யாவும் செய்ய வேண்டியவையே. ஆனால் ஒரு கிருமிகூட அண்டாத இடத்தில் ஒருவர் பிறந்து, அங்கேயே வளர்ந்தால் அவருடைய உடல் எப்படி இருக்கும் என்ற கேள்வி நெடுங்காலமாக என்னை விடாமல் பற்றியிருக்கிறது.

நுண்ணுயிர்கள் இல்லாமல் விலங்குகள் வாழவே முடியாது என்று 1885இல் லூயி பாஸ்டர் கருதினார். பத்தாண்டுகள் கழித்து பெர்லினில் நட்டால், தியர்ஃபெல்டர் என்ற இருவர், தாயின் வயிற்றைக் கீறி எடுத்த கினிப்பன்றிக் குட்டிகளைத் தூய்மைப்படுத்திய காற்றும் பாலும் கொடுத்து ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார்கள். பின்னர் அமெரிக்காவில் எலிகளைத் தலைமுறை தலைமுறையாகவே அவ்வாறு வளர்த்தார்கள். ஆக, வாழ முடியும். எத்தகைய உடலோடு வாழ்கின்றன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பை இருக்கிறது. சாதாரண எலியில், குடல் சுரக்கும் சளியை அங்குள்ள பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. கிருமியற்ற எலியில் தின்பதற்கு எவரும் இல்லாததால் சளி தேங்கி, நீரை ஈர்த்து, அந்தப் பை பல மடங்கு வீங்கிப்போகிறது. சில வேளைகளில் முறுக்கிக்கொண்டு உயிரையே பறித்துவிடுகிறது. அதே எலிக்குச் சாதாரண எலியின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தால், சில நாள்களிலேயே பை சுருங்கத் தொடங்குகிறது. இதைப் படித்த நாளில் நான் அடைந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை: குடலின் வடிவமே அங்கே குடியிருப்பவர்களைப் பொறுத்திருக்கிறது, நேயர்களே.

இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யைச் சாதாரண எலிக்குக் குடல் பாக்டீரியாக்களும் ஆக்கித் தருகின்றன. கிருமியற்ற எலிகளுக்கோ அதை உணவில் சேர்க்காவிட்டால் இரத்தம் உறையாமல் கசிகிறது. குடல் சுவரில் எதிர்ப்பணுக்கள் கூடும் திட்டுகள் வளராமல் சிறுத்தே கிடக்கின்றன. கூண்டை விட்டு வெளியே வந்தால், மற்ற எலிகள் பொருட்படுத்தாத கிருமிகூட அவற்றைக் கொன்றுவிடலாம்.

மனிதர் எவரும் முழுமையாக இப்படி வாழ்ந்ததில்லை. 1971இல் அமெரிக்காவில் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பிறந்த சில நொடிகளிலேயே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைக்கப்பட்டான் அவன். ஆயினும் அவன் உடலிலும் பாக்டீரியாக்கள் குடியேறியிருந்தன. இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். கூடாரம் அவனைப் பலவீனமாக்கவில்லை. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் கூடாரம் தேவைப்பட்டது. அவன் அக்காளிடமிருந்து எடுத்துச் செலுத்திய எலும்பு மச்சைக்குள் ஒளிந்திருந்த ஒரு வைரஸ் புற்றுநோயைத் தூண்ட, 1984இல், பன்னிரண்டு வயதில் இறந்தான். தாயின் வெறுங்கை அவன் மேனியைத் தொட்டதே அந்தக் கடைசி நாள்களில்தான்.

ஒவ்வாமை பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூத்த உடன்பிறப்புகள் மிகுந்த பிள்ளைகளுக்கு மகரந்தத்தால் வரும் தும்மல் நோய் குறைவாக இருப்பதை 1989இல் ஸ்ட்ராக்கன் என்ற மருத்துவ ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். சிறுவயதில் தொற்றிக்கொள்ளும் கிருமிகள் உடலைப் பழக்குகின்றனவா என்ற ஆராய்ச்சி அதிலிருந்து வளர்ந்து இன்றும் தொடர்கிறது. வணக்கம்.