வேலிக்கு ஒரு வாசல்: அமெரிக்கக் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்களில் பாதுகாப்பும் நன்றியும்

[திரையில்: சாப்பாட்டு மேசை. நடுவில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே மடித்துப் போட்ட காகிதத் துண்டுகள்.]

வணக்கம். நவம்பர் மாதக் காலை. டெக்சாஸில் டாலஸ் நகரத்துக்கு வெளியே ஒரு வீடு. தெருவில் மஞ்சள் ஸ்கூல் பஸ் வந்து நின்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. இந்த வீட்டின் மூன்று பிள்ளைகளும் அதில் ஏறவில்லை. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே பெற்றோரிடம் படிக்கிறார்கள். இதைத்தான் வீட்டுக்கல்வி என்கிறார்கள். சாப்பிட்ட தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, அதே மேசையைத் துடைத்து நோட்டுகளை விரிக்கிறார்கள். பாடம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். நேற்று நடந்ததில் எதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம் என்று யோசித்து எழுதி, ஜாடியில் போட வேண்டும்.

ஏழு வயதுப் பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுதினான்: ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டது. ரத்தம் கொஞ்சம்தான் வந்தது.

அந்த இரண்டாவது வரி என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் நன்றி என்று எழுதி முடித்திருக்கலாம். அவன் தனக்கு நடந்ததை உற்றுப் பார்த்திருக்கிறான்.

இதே வீட்டில் கம்ப்யூட்டர் ஹாலில்தான் இருக்கும், திரை எல்லோர் கண்ணிலும் படும்படி. யார் வீட்டிலும் இரவு தங்க அனுமதி கிடையாது. பதினான்கு வயது மூத்தவளுக்கு இன்னும் சொந்த போன் இல்லை. பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் வீடு. நன்றி சொல்லப் பழக்குவதும் இப்படிக் காவல் காப்பதும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: அமெரிக்க வரைபடம். ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

முதலில் கொஞ்சம் வரலாறு. 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துத் தீர்ப்புகள் சொன்னது. அரசுப் பள்ளி தானே முன்நின்று ஜெபம் நடத்துவதும் பைபிள் வாசிப்பதும் அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்பது அவற்றின் சாரம். பள்ளி தங்களை விட்டு விலகிப் போகிறது என்று பல கிறிஸ்தவப் பெற்றோருக்குத் தோன்றத் தொடங்கியது. ஆனால் வீட்டுக்கல்விக்காக முதலில் உரக்கப் பேசியவர்களில் முக்கியமானவர் மதத்துக்காகப் பேசியவர் அல்ல. ஜான் ஹோல்ட் என்ற கல்வியாளர், குழந்தையின் இயல்பான ஆர்வத்தைப் பள்ளி கெடுக்கிறது என்ற கோணத்திலிருந்து பேசினார். 1977-ல் அதற்கென்றே ஒரு இதழையும் தொடங்கினார். கிறிஸ்தவ வீடுகளுக்குள் அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவர்கள் ரேமண்ட் மூர், டாரத்தி மூர் தம்பதி. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். சின்னக் குழந்தையை அவசரப்பட்டுப் பள்ளியில் போடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். 1980-களின் தொடக்கத்தில், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லிவந்த உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சன் தன் வானொலி நிகழ்ச்சிக்கு ரேமண்ட் மூரை அழைத்துப் பேச வைத்தார். அதைக் கேட்ட சுவிசேஷ சபைக் குடும்பங்கள் பல இந்த வழியை யோசிக்க ஆரம்பித்தன.

அப்போது பல மாநிலங்களில் இது சட்டச் சிக்கல். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோர்மேல் வழக்குப் போட்டார்கள். 1983-ல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காகவே ஒரு சட்டப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்ற நிலை வந்தது.

சரி, ஏன் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறீர்கள் என்று பெற்றோரையே கேட்டால்? அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் 2019-ல் கேட்டது. கிறிஸ்தவர்களை மட்டுமல்ல, வீட்டுக்கல்விப் பெற்றோர் எல்லோரையும். ஒருவர் பல காரணங்களைச் சொல்லலாம். அதிகம் பேர் சொன்னது பள்ளியின் சூழல், அதாவது பாதுகாப்பு, போதைப்பொருள், கெட்ட சகவாசம்: 80 சதவீதம். ஒழுக்கக் கல்விக்காக என்றவர்கள் 75 சதவீதம். மத போதனைக்காக என்றவர்கள் 59 சதவீதம்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். விசுவாசத்தைவிடக் கவலைதான் முன்னால் நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற யாருக்கும் அந்தக் கவலை தெரியும்.

[திரையில்: கப்பல் ஓவியம். கீழே 1620 என்ற எண்.]

நவம்பர் மாதம் என்றேன் அல்லவா? இந்த வீடுகளில் அந்த மாதம் தவறாமல் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1620-ல் மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவர்களின் கதை. அதில் ஒரு பகுதி நம் விஷயத்துக்கு நேராக வந்து நிற்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த அந்தச் சபையார், சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் ஹாலந்தில் இருந்தார்கள். பெரும்பாலும் லைடன் நகரத்தில். வழிபடச் சுதந்திரம் இருந்தது. அப்புறம் ஏன் கிளம்பினார்கள்? அவர்களுடைய ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் காரணங்களை எழுதி வைத்திருக்கிறார். வறுமை ஒன்று. இன்னொன்று பிள்ளைகள். அந்த ஊர் இளைஞர்களின் போக்கைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகள் வழிதவறுகிறார்கள் என்று பெற்றோர் பயந்தார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற ஊர் மாறுவார்கள். இவர்கள் கடலையே தாண்டினார்கள்.

102 பயணிகள். வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். கெட்ட சகவாசத்திலிருந்து பிள்ளைகளைத் தூரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். பசியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க அவர்களால் முடியவில்லை. மிச்சமிருந்தவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர் ஸ்குவாண்டோ என்ற டிஸ்குவாண்டம், அந்த மண்ணின் பூர்வகுடி. 1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்பெயினில் விற்கப் பார்த்தார். அங்கிருந்து தப்பி, இங்கிலாந்து வழியாக ஊர் திரும்பினால், ஊர் இல்லை. கொள்ளைநோய் அவருடைய பட்டுக்செட் கிராமத்தையே வழித்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் காலி கிராமம் இருந்த இடத்தில்தான் இவர்கள் பிளிமத் குடியிருப்பைக் கட்டினார்கள். சொந்த ஜனங்களை எல்லாம் இழந்த ஒருவர், தன்னைப் பிடித்துப்போனவர்களின் மொழி பேசுகிறவர்களுக்குச் சோறு விளைவிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

1621 இலையுதிர் காலத்தில் அறுவடை விருந்து. அந்தப் பகுதிப் பூர்வகுடியினரான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசோயிட் சுமார் 90 பேரோடு வந்தார், மூன்று நாள் இருந்தார்கள். அமெரிக்காவில் நவம்பரில் கொண்டாடும் நன்றி தெரிவித்தல் நாளுக்கு வேராகச் சொல்லப்படுவது இந்த விருந்துதான். பின்னால் நடந்தது கசப்பானது. 1675-ல் மாசசோயிட்டின் மகன் காலத்தில் போர் மூண்டது, அவருடைய ஜனங்கள் நிலத்தையும் உயிரையும் இழந்தார்கள். 1970 முதல் அதே பிளிமத்தில் பூர்வகுடி மக்கள் அந்த நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும் பெற்றோர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். யாருக்கு நன்றிக்கடன் பட்டோமோ அவர்களுக்கு என்ன செய்தோம் என்று கேட்கத் தெரியாத பிள்ளை நன்றியை அரைகுறையாகத்தான் கற்றிருக்கிறது.

பிள்ளைகளை வெளியாரிடமிருந்து காக்கக் கிளம்பியவர்களை வெளியார் ஒருவர்தான் காப்பாற்றினார். இந்த வீடியோ முழுக்க எனக்குச் சொல்ல இருப்பது இதைச் சுற்றித்தான்.

[திரையில்: திறந்த பைபிள், தமிழ் எழுத்தில்.]

இந்தப் பெற்றோருக்குப் பிடித்த ஒரு வசனம் 127-ம் சங்கீதத்தில் இருக்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில், "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று வரும். சுதந்திரம் இல்லை, சுதந்தரம். பரம்பரையாக வரும் சொத்து என்று பொருள். சின்ன வயதில் நான் அதைச் சுதந்திரம் என்றே வாசித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை, தமிழில் ஓரெழுத்துதான் வித்தியாசம். கையில் வந்த சொத்து என்று பார்த்தால் நன்றி வரும். அதே சொத்தை யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்று பார்த்தால் பயம் வரும். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பயம் முந்திக்கொண்டால் என்ன ஆகும்? நன்றியே ஒரு பூட்டாக மாறிவிடும். வீட்டுக்கல்விக்காகத் தாய் வேலையை விடுவார், வருமானம் பாதியாகக் குறையும், தன் நேரம் என்று ஒன்று இருக்காது. தியாகம்தான், சந்தேகமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை ஒருநாள், எனக்குப் பள்ளிக்குப் போய்ப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்கிறது. உனக்காக வேலையையே விட்டேனே, இவ்வளவுதானா உன் நன்றி என்று பதில் வருகிறது. இந்தப் பதில் நமக்கும் புதிதில்லை, எத்தனையோ தமிழ் வீடுகளில் கேட்டதுதான். அந்த நிமிடத்திலிருந்து நன்றி என்பது பிள்ளைக்கு வாயை மூடிக்கொள் என்பதற்கு இன்னொரு சொல்.

லூக்கா 17-ம் அதிகாரத்தில் குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுகமானதும், ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னதும் ஞாயிறு பள்ளிக்குப் போன எல்லோருக்கும் தெரியும். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். கேட்கிறார், அவ்வளவுதான். அந்த ஒன்பது பேரின் சுகத்தைத் திரும்பப் பறித்ததாக எழுதவில்லை. திரும்பி வந்தவன் யார்? சமாரியன், வெளியாள்.

பெற்றோர் பிள்ளைகளைச் சுற்றிப் போடும் வேலி எந்த அளவுக்கு இறுகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் பெற்றோர் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், பிள்ளையின் வேலைகளைக் கோப்பாக வைக்க வேண்டும், தகுதியுள்ள ஒருவர் பிள்ளையைச் சந்தித்து மதிப்பிட வேண்டும். டெக்சாஸில் யாருக்கும் தகவல்கூடச் சொல்ல வேண்டாம். எழுத்துக்கூட்டல், வாசிப்பு, இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகியவற்றை உண்மையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். வீட்டுக்கல்வியில் வளர்ந்தவர்கள் சிலர் 2013-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். வெளிக் கண்ணே படாத வீட்டில் ஒரு பிள்ளை துன்புறுத்தப்பட்டால் யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் கேள்வி. வீட்டுக்கல்விச் சங்கங்கள் அரசின் கண்காணிப்பை எதிர்க்கின்றன, பெற்றோரின் உரிமை என்கின்றன. என் மனம் பிள்ளைகள் பக்கம்தான். நல்லபடியாக நடக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவரால் நஷ்டமில்லை. மோசமான வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அவர்தான் ஒரே கதவாக இருக்கலாம்.

நன்றிப் பழக்கத்தால் பலன் உண்டா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெஃப்ரி ஃப்ரோ குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 221 பேரில் ஒரு பகுதியினர் இரண்டு வாரம் தினமும் தாங்கள் நன்றியோடு நினைப்பதை எழுதினார்கள். எரிச்சல்களை எழுதியவர்களைவிட அவர்களுக்கு நம்பிக்கையும் மனநிறைவும் கூடியிருந்தன. அது வழக்கமான பள்ளியில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

[திரையில்: மறுபடியும் அதே மேசை. ஜாடி பக்கத்தில் வெள்ளை உறைகள்.]

மறுபடி டெக்சாஸ் வீட்டுக்கு வருவோம். அந்தத் தாய் ஒரு நவம்பரில் கையெழுத்துப் பயிற்சியை நன்றிக் கடிதமாக மாற்றிவிடலாம் என்று நினைத்தார். வீட்டுக்கு வெளியே யாருக்கெல்லாம் நன்றி எழுதலாம் என்று பிள்ளைகளோடு பட்டியல் போட உட்கார்ந்தார். நான்கு பெயர் வந்தது. நான்கு பேரும் அவர்கள் சபையார். அதற்குமேல் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியவில்லை. அந்தத் தாளைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னார். பயந்து பயந்து வேலியை எவ்வளவு கிட்டத்தில் போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்ததாம். தெரியாத ஆளுக்கு நன்றி எழுத முடியாதே.

அந்த வாரமே நூலகத்துக்குப் போனபோது, புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும் அம்மாவின் பெயரைக் கேட்டுவரச் சொன்னார். அப்புறம் குப்பை வண்டி ஓட்டுகிறவர் பெயர். நீச்சல் சொல்லித்தரும் இளைஞர். இரண்டு வீடு தள்ளி இருக்கும், வேறு மதத்தைச் சேர்ந்த வயதான தம்பதி. கம்ப்யூட்டர் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. மூத்தவளுக்கு இன்னும் போன் இல்லை. யோவான் 17-ல் இயேசு சீஷர்களுக்காக வேண்டிக்கொண்டதை அவர் எனக்குக் காட்டினார்: "நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்." முதல் பாதியை இத்தனை வருடமும் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன் என்றார்.

நான் போன அன்று, பல் விழுந்த பையன் நூலக அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். டைனோசர் புத்தகத்தின் கிழிந்த பக்கத்தை ஒட்டிக் கொடுத்ததற்கு நன்றி. கிழித்தது நான்தான். அந்தக் கடைசி வரியை எழுதலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு, வாசல் கதவைத் திறந்து, புல்வெளியைத் தாண்டித் தெருவோரம் இருந்த தபால் பெட்டிக்குத் தனியாக ஓடினான். கடிதத்தை உள்ளே வைத்தான். தபால்காரருக்குத் தெரிவதற்காகப் பெட்டியின் சிவப்புக் கொடியை, எட்டாத உயரத்துக்கு எம்பி, இரண்டாவது முயற்சியில் நிமிர்த்திவிட்டான்.