ஒரே பயணம், ரெண்டு டிக்கெட்

[திரை: வேலந்தாவளம், காலை. டீக்கடை பெஞ்ச், பக்கத்துல பஸ்.]

தமிழ்நாடு-கேரளா எல்லை ஊருங்க இது. கேரளாவுல கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வந்த ஒரு அக்கா இங்க இறங்குறாங்க. கேரளா டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுட்டு, கோவை டவுன் பஸ்ல ஏறுறாங்க. கண்டக்டர் மெஷினைத் தட்டி ஜீரோ டிக்கெட் கிழிச்சுத் தர்றார். அக்காவுக்கு இது ஒரே பயணம், வீட்டுல இருந்து வேலைக்கு. கணக்குல ரெண்டு. அந்த ரெண்டு சீட்டும் ஒரே ஆளோடதுன்னு சொல்ல அதுல ஒண்ணுமே இல்லைங்க.

[திரை: டிக்கெட் மெஷின், க்ளோஸப்.]

யார் எங்க, எப்போ போறாங்கன்னு மலை மாதிரி குவியற பதிவுகளை வெச்சு பஸ்ஸை எப்படி விடலாம்னு பார்க்கறாங்க. அதுதான் பிக் டேட்டா. அந்தப் பேரைக் கேட்டதும் பெரிய கம்ப்யூட்டர் ரூம் ஞாபகம் வரும். நம்ம ஊர்ல அது இந்த மெஷின்ல தொடங்குது. எந்த ஸ்டேஜ்ல ஏறினாங்க, எது வரைக்கும், எத்தனை மணிக்கு, எல்லாம் பதிவாகுது.

லண்டன் பஸ்ல ஏறும்போது மட்டும்தான் கார்டைத் தட்டணும். எங்க இறங்கினாங்கன்னு தெரியாது. அடுத்து அந்தக் கார்டு எங்க தட்டப்படுதுன்னு பார்த்து, பக்கத்து ஸ்டாப்புல இறங்கியிருப்பாங்கன்னு கணக்குப் போடறாங்க. நம்ம கண்டக்டரோ "எங்கம்மா போகணும்?"னு வாயால கேட்டே அதை வாங்கிடறார். ஆனா அக்கா அடுத்து எந்த பஸ் மாறினாங்கன்னு லண்டன் கார்டுக்குத் தெரியும், நம்ம சீட்டுக்குத் தெரியாது.

[திரை: படிக்கட்டுல தொங்கற பசங்க.]

இன்னொரு ஓட்டை. பாஸ் காட்டற ஸ்கூல் பசங்களுக்கு டிக்கெட் அடிக்கறதில்லை. எட்டு மணி பஸ் பிதுங்கும், மெஷினைக் கேட்டா பாதி காலின்னு சொல்லும். அதை நம்பி யாராவது ட்ரிப்பைக் கட் பண்ணினா, பசங்க வீட்டுல பைக் கேட்பாங்க.

[திரை: செல்போன் டவர்.]

அப்ப யார் எங்க போறாங்கன்னு, போன் எந்த டவர்ல பதிவாகுதுங்கறதை வெச்சுப் பார்க்கலாமே? பார்த்திருக்காங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட் நாட்டுல ஆரஞ்ச்ங்கற போன் நிறுவனம் 2011 டிசம்பர்ல இருந்து 2012 ஏப்ரல் வரைக்குமான 250 கோடி கால், எஸ்எம்எஸ் பதிவுகளைப் பேர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. ஐபிஎம் ஆட்கள் அதை அபிஜான் நகர பஸ் ரூட்டோட பொருத்தி, புதுசா ரெண்டு ரூட் விட்டு, இருக்கற ஒரு ரூட்டை நீட்டினா பயண நேரம் 10 சதவீதம் குறையும்னு கணக்குப் போட்டாங்க.

எல்லையில இது கொஞ்சம் கோளாறு பண்ணும். இந்த பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கற என் போன் ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு டவர், மறு நிமிஷம் கேரளா டவர். ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் அஞ்சு தடவை மாநிலம் தாண்டினதா பதிவாகலாம். பேரை நீக்கினா போதும்னும் சொல்ல முடியாது. 2013-ல வந்த ஒரு ஆய்வு: 15 லட்சம் பேர் பதிவுல, ஒருத்தர் இருந்த இடமும் நேரமுமா நாலே புள்ளி தெரிஞ்சா 95 சதவீதம் பேரைத் தனியாப் பிரிச்சு எடுத்துடலாம்.

[திரை: ரெண்டு டைம் டேபிள், பக்கத்துல பக்கத்துல.]

எனக்கென்னவோ, இந்த ஊருக்கு முதல்ல வேண்டியது இதைவிட மலிவான டேட்டா. ஜிடிஎஃப்எஸ்னு ஒரு முறை இருக்கு. பஸ் நேரம், ஸ்டாப், ரூட் எல்லாத்தையும் ஒரே மாதிரி எழுதி வைக்கறது. 2005-ல கூகுளும் அமெரிக்காவுல போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் தொடங்கினது. 2018-ல கொச்சி மெட்ரோவும் தன்னோட நேரங்களை இந்த முறையில பொதுவுல போட்டது. கோவை பஸ், பாலக்காடு பஸ், தனியார் பஸ் மூணையும் இப்படி ஒண்ணா அடுக்கினா யார் போனையும் தொட வேண்டியதில்லை. கோவை பஸ் சாயங்காலம் 6:40-க்கு வந்து, கொழிஞ்சாம்பாறை பஸ் 6:35-க்கே கிளம்புதுன்னு வைங்க. அந்த அஞ்சு நிமிஷம் அங்கயே கண்ணுல பட்டுடும்.

[திரை: இருட்டற நேரம். அதே பெஞ்ச்ல அக்கா.]