துருவ ஒளியைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் இரவு வானில் திரைபோல ஆடும் வண்ண வெளிச்சம்தான் துருவ ஒளி. அதைப் படமெடுக்கவென்றே இப்போது நம் பக்கத்திலிருந்தும் நார்வேக்குப் போகிறார்கள். போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பது. கையில் இருக்கும் கேமராவில் ஷட்டர் நேரத்தையும் ஃபோகஸையும் நாமே மாற்ற முடியுமென்றால் அதுவே போதும். அங்கே படத்தைக் கெடுப்பது குளிரும் ஈரமும். இன்று பெரும்பாலும் அதைத்தான் பேசப்போகிறேன்.

நான் சொல்லும் ஊர், நார்வேயின் வடக்கே உள்ள டிராம்சோ. ஆர்க்டிக் வட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை அங்கே இந்த ஒளியைப் பார்க்கலாம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும்தான். பகலில் மலையையும் கடலையும், இரவில் வானத்தையும் எடுக்க வேண்டுமா? பிப்ரவரி, மார்ச்தான் என் சிபாரிசு.

துருவ ஒளிக்கான செல்போன் செயலிகள் கேபி (Kp) என்று ஓர் எண் காட்டும், 0 முதல் 9 வரை. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதற்கான அளவு அது. 2 என்று வந்தால் பலர் சோர்ந்து படுத்துவிடுகிறார்கள். துருவத்தைச் சுற்றி இந்த ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கும் ஊருக்கு 2 தாராளம். உண்மையான எதிரி மேகம். டிராம்சோ கடலோர ஊர், மேகம் அதிகம். கடலை விட்டு உள்ளே ஷிபோட்ன் என்ற ஊர்ப் பக்கம் போனால் லிங்கன் மலைகள் கடல் ஈரத்தைத் தடுத்துவிடும்; வானம் தெளிவாகக் கிடைக்க வாய்ப்பு கூடுதல். அதனால் பயண முகவரிடம் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: மேகமில்லாத இடம் தேடி வண்டி போகுமா, ஒரே முகாமில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? இரவுகள் 4, 5 ஆவது இருக்கட்டும். ஒரே இரவை நம்பிப் போவது வீண் செலவு.

இங்கே கார்ல் ஸ்டோர்மரைச் சொல்லாமல் போக மனமில்லை. நார்வேக் கணித அறிஞர். 1890களில் மாணவராக இருந்தபோது, வெயிஸ்ட்கோட்டுக்குள் கேமராவை ஒளித்து, பொத்தான் துளை வழியே லென்ஸை நீட்டி, இன்றைய ஆஸ்லோ தெருக்களில் போகிறவர் வருகிறவரையெல்லாம் படமெடுத்தார். நாடகாசிரியர் இப்சன்கூட அதில் மாட்டினார். அதே மனிதர் 1910இல் வடக்கே போசெகோப்புக்குப் போனார். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்கள், நடுவே தொலைபேசி. ஒரே நொடியில் இரு பக்கமும் படமெடுத்து, பின்னணி நட்சத்திரங்களிலிருந்து ஒளி எவ்வளவு விலகித் தெரிகிறது என்று அளந்து உயரத்தைக் கணக்கிட்டார். ஒளித்திரையின் கீழ் விளிம்பே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில்!

இது நமக்கும் உதவும். 100 கிலோமீட்டர் என்றால் லென்ஸுக்கு அதுவும் நட்சத்திரமும் ஒன்றுதான். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறு புள்ளியாகும் வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை (∞) நம்ப வேண்டாம். குளிரில் ஃபோகஸ் சரியாக விழும் இடம் நகரும். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்கு மாட்டியிருக்கும் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பச்சை ஒளி ஒரே குறுகிய அலைநீளத்தில் வருவதால், ஃபில்டர் இருந்தால் படத்தின் நடுவில் வட்ட வட்டமாக வளையங்கள் விழும். பிறகு அவற்றை நீக்குவது பெரும்பாடு.

லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, கேமரா மாற்றம் செய்யாமல் சேமிக்கும் ரா கோப்பு. ஒளி மெதுவாக நகர்ந்தால் ஷட்டர் நேரம் 8 முதல் 15 நொடி. துள்ளி ஆடினால் 2 முதல் 4 நொடி. அதற்கு மேல் போனால் மடிப்பெல்லாம் கரைந்து பச்சைப் புகையாகிவிடும். இருட்டில் கேமராத் திரை படத்தை வெளிச்சமாகக் காட்டி ஏமாற்றும், படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

இனி ஈரம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதைத் தினம் பார்க்கிறோம் அல்லவா? வெளியே மைனஸ் 15இல் இருந்த கேமராவை 22 டிகிரி அறைக்குள் கொண்டுவந்தால் அதுதான் நடக்கும். வெளிக் கண்ணாடியில் மட்டுமல்ல, லென்ஸுக்குள்ளும் படியும். பதறிப்போய் அப்படியே வெளியே கொண்டுபோனால் அது பனிக்கட்டியாகிவிடும். அன்றைய இரவு போச்சு.

செய்ய வேண்டியது எளிது. கதவைத் திறக்கும் முன், வெளியிலேயே, திரும்பச் சொல்கிறேன், வெளியிலேயே, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். அறைக்குள் வந்து மூடுவதால் பயனில்லை. ஈரக் காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். சரியாக மூடினால் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். 2, 3 மணி நேரம் திறக்கவே கூடாது. படம் பார்க்க ஆசையா? மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். மூச்சை ஊதி லென்ஸைத் துடைக்கும் பழக்கமும் அங்கே வேண்டாம், ஊதியது உறைந்துவிடும்.

பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். உதிரி 2, 3 இருக்கட்டும். ஜாக்கெட் பையில் அல்ல, உடம்பை ஒட்டிய உள்சட்டைப் பையில். தீர்ந்தது போல் காட்டுவதைத் தூக்கி எறியாதீர்கள், சூடானால் இன்னும் கொஞ்சம் ஓடும். விமானத்தில் உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ட்ரோன் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஒரே வரி: விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது, டிராம்சோ நகரம் அதற்குள்தான் வருகிறது. விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறையாமல் கொடுத்துவிடுங்கள். எடுத்த படங்களை அன்றன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து, இரண்டு பைகளில் வையுங்கள். வணக்கம்.