சிமெண்டுக்குள் நார் எத்தனை நாள் தாங்கும்?

[காட்சி: இரண்டு மெல்லிய சிமெண்ட் பலகைகள். நடுவில் எடை ஏறுகிறது.]

முதல் பலகை சட்டென்று இரண்டாகப் பிளந்துவிட்டது. இரண்டாவதிலும் விரிசல் விழுந்தது, ஆனால் துண்டாகவில்லை. விரிசலுக்குள் உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருப்பவை தேங்காய் நார்கள்.

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால், அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். நாரைப் போட்டால் பலம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுத்தம் தாங்கும் பலம் சில சமயம் குறையவும் செய்யும். விரிசல் விழுந்தபின் அதை அகலவிடாமல் தடுப்பதுதான் நாரின் வேலை. பூச்சு காயும்போது வரும் மயிரிழை வெடிப்புகளையும் அது குறைக்கும்.

[காட்சி: நுண்ணோக்கியில் நாரின் குறுக்குவெட்டு]

சரி, சிக்கல் எங்கே? சிமெண்டிலேயே இருக்கிறது. அது நீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. நுண்துளைகளில் உள்ள நீரின் பிஹெச் அளவு 12.5-ஐத் தாண்டிவிடும், அதாவது அந்த நீர் கடுமையான காரமாகிவிடும். நாரின் நுண்ணிழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் அந்தக் காரம் அரிக்கிறது. நாருக்குள் இருக்கும் குழலிலும் சுண்ணாம்பு படிகிறது. வளைந்துகொடுத்த நார் நாளடைவில் மொறுமொறுவென்று ஒடியும். நனைவதும் காய்வதுமான இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். போதாததற்கு, நீர் குடித்து ஊதிய நார் காயும்போது சுருங்கி, சிமெண்டை விட்டு விலகும்.

பலரும் நாரைத்தான் பக்குவப்படுத்தப் பார்க்கிறார்கள். நன்றாக ஊறவைத்துக் கழுவுவது அவசியம்தான். கழுவாவிட்டால் அதிலிருந்து கசியும் சர்க்கரைப் பொருட்கள் சிமெண்ட் இறுகுவதையே தாமதப்படுத்தும். ஆனால் சிமெண்டின் காரத்தை அடக்காமல் நாரை மட்டும் கவனித்தால் பாதி வேலைதான் முடிந்தது என்பேன். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து மெட்டாகயோலினோ (சுட்ட வெண்களிமண் தூள்) சிலிக்கா ஃபியூமோ (மிக நுண்ணிய சிலிக்கா தூள்) சேர்த்தால், அவை அந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து அதைத் தீர்த்துவிடும். நாருக்கு ஆயுள் கூடும்.

[காட்சி: கலவை இயந்திரத்தில் நாரைத் தூவும் கை]

நாரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டும், அந்த இடமே பலவீனமாகும். உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். கன அளவில் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டினாலே கலவை முரண்டு பிடிக்கும். காய்ந்த நார் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், முதலிலேயே நனைத்து நீரை வடித்துவிடுங்கள். அப்புறம், உத்தரத்திலும் தூணிலும் கம்பிக்குப் பதிலாக நார் போடும் பேச்சே வேண்டாம். பூச்சு, மெல்லிய பலகை, ஓடு, இவைதான் அதற்கு ஏற்ற இடம்.

[காட்சி: தொழிற்சாலையில் அடுக்கிய ஃபைபர் சிமெண்ட் பலகைகள்]

இன்று கடையில் கிடைக்கும் ஃபைபர் சிமெண்ட் பலகைகள் பலவற்றில் இருப்பதும் தாவர நார்தான். நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த இடத்தில், லிக்னின் பெருமளவு நீக்கிய மரக்கூழ் வந்திருக்கிறது. அரைத்த மணலையும் சேர்த்து, உயர் அழுத்த நீராவியில் வேகவைக்கிறார்கள். மணலில் உள்ள சிலிக்கா சுண்ணாம்பைத் தீர்த்துக்கட்டுவது அங்கேதான்.