குதிரை வீடு திரும்பிய கதை

(சதுரங்க ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே, பெற்றோர் இழுத்து வந்ததால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரே, அனைவருக்கும் வணக்கம்.

மேசைமேல் பலகையையும் காய்களையும் பார்த்துவிட்டு ஒருவர், “இன்று பேச்சா, ஆட்டமா?” என்று கேட்டார். பேச்சுதான். முடிவில் கொஞ்சம் ஆட்டமும் உண்டு.

ஹங்கேரியின் சதுரங்க வீரர்கள் யார் யார் என்று கேட்டால் உங்களில் பலர் ஜூடித் போல்கரைச் சொல்வீர்கள். வயதானவர்கள் போர்டிஷைச் சொல்வார்கள். இன்னும் பின்னால் போனால் மாரோட்சி. நான் பேச வந்த மனிதரின் பெயரோ பெரும்பாலும் ஒரே ஒரு நகர்வின் தலைப்பாக மட்டும் புழங்குகிறது. ரூய் லோபஸ் தொடக்கத்தை ஆடுகிறவர்கள் ‘பிரெயர்’ என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வார்கள். அந்தப் பிரெயர் யார் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படி விழித்தவன்தான்.

பிரெயர் டியூலா. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள், நாம் தலைப்பெழுத்தை முன்னால் போடுவதைப் போல. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் ‘கியூலா’ என்று படிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஊரில் அது ‘டியூலா’வை ஒட்டிய ஒலி. 1893 ஏப்ரல் 30 அன்று புடாபெஸ்ட்டில் பிறந்தார். 1921 நவம்பரில் இறந்தார். இருபத்தெட்டு வயது.

1912இல், பத்தொன்பது வயதில், தெமெஷ்வார் நகரில் நடந்த ஹங்கேரியத் தேசியப் போட்டியை வென்றார். 1914 கோடையில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஒரு பெரிய போட்டி. பதினெட்டுப் பேர் ஆட வேண்டியது. பதினோரு சுற்றுகள் முடிந்தபோது, பின்னாளில் உலக சாம்பியனான ரஷ்யர் அலெகைன் முதலிடத்தில் இருந்தார். பிரெயர், மார்ஷல், ரெட்டி மூவரும் ஏழு புள்ளிகளோடு நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் முதல் உலகப் போர் மூண்டது. போட்டி அப்படியே நின்றது. அலெகைனும் பொகொல்யுபொவும் பிற ரஷ்ய ஆட்டக்காரர்களும் எதிரி நாட்டவர் என்று பிடித்துவைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் கிடைத்த ரயிலில் ஊர் திரும்பினார்கள். இருபத்தொரு வயதில் உலகின் முன்வரிசைக்கு வந்த ஒருவருக்கு, ஆட வேண்டிய நல்ல ஆண்டுகள் இப்படிப் போரில் போயின.

வெளியே போட்டிகள் இல்லாத அந்த நாட்களில் புடாபெஸ்ட்டின் சதுரங்க வட்டம் சும்மா இருக்கவில்லை. அபொனி, பராஸ், பிரெயர் மூவரும் சேர்ந்து ஒரு முரட்டுத் தொடக்கத்தை வளர்த்தார்கள். ‘புடாபெஸ்ட் காம்பிட்’ என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். காம்பிட் என்றால் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து ஆடுவது. 1918இல் பெர்லினில் விட்மர் அதைக் கையாண்டு, அன்றைய முன்னணி வீரர்களில் ஒருவரான ரூபின்ஸ்டைனையே வீழ்த்தினார்.

இனி பிரெயரின் தலைக்குள் என்ன ஓடியது என்பதற்கு வருகிறேன். நான் இங்கே வந்ததே அதற்காகத்தான்.

அன்றைய சதுரங்கத்துக்கு ஓர் ஆசான் இருந்தார். பெயர் தாராஷ், தொழிலால் மருத்துவர். சதுரங்கத்திலும் அவர் மருந்துச் சீட்டுதான் எழுதுவார். மையத்தைச் சிப்பாய்களால் பிடி. காய்களை விரைவாக வெளியே கொண்டு வா. ஒரே காயை இரண்டு முறை நகர்த்தி நேரத்தை வீணாக்காதே. குழந்தைகளே, உங்கள் பயிற்சியாளரும் இதையேதான் சொல்கிறார். தப்பில்லை, கேளுங்கள்.

பிரெயர் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முதல் நகர்வாக வெள்ளை தன் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், அந்த நொடியிலேயே வெள்ளையின் ஆட்டம் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுகிறது என்று அவர் சொன்னதாகச் சதுரங்க உலகில் ஒரு வாசகம் உலவுகிறது. சிரிக்கிறீர்கள். நாற்பது வருடமாக அந்தச் சிப்பாயைத் தள்ளித்தான் நான் ஆட்டத்தைத் தொடங்குகிறேன், இன்னும் மூச்சு இருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருப்பதைப் பாருங்கள். ராணியின் முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம் போனால் பின்னாலிருந்து ராணி அதைக் காக்கிறாள். ராஜாவின் சிப்பாய்க்கு அந்தத் துணை இல்லை. போய் நின்ற கணத்திலிருந்து அதற்குக் காவல் தேட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கதி, பலகையில் மற்ற எந்தக் காயும் திரும்பி வரலாம், சிப்பாய் மட்டும் வர முடியாது. அவசரப்பட்டு முன்னே தள்ளிய சிப்பாய் வாய்தவறிச் சொன்ன சொல் மாதிரி.

இந்த எண்ணத்தின் மறுபக்கம்தான் பிரெயரின் பெயரைத் தாங்கிய நகர்வு. ரூய் லோபஸில், இரு பக்கமும் கோட்டை கட்டி, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்திய பிறகு, ஒன்பதாவது நகர்வில் கருப்பு தன் ராணிப்பக்கக் குதிரையைத் தூக்கி, அது புறப்பட்ட பி8 கட்டத்திலேயே திரும்ப வைக்கிறது. (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையைச் சொல்லும், எண் குறுக்குவரிசையைச் சொல்லும்.) முதல் தடவை இதைப் பார்க்கிறவர், ஆட்டக்காரர் கை தவறி வைத்துவிட்டார் என்றே நினைப்பார். அடுத்து அந்தக் குதிரை டி7க்குப் போகும். பி8இலிருந்து டி7 ஒரே தாவல். அதை மூன்று தாவலில் செய்கிறார். தாராஷின் கணக்கில் இது மகா பாவம்.

ஆனால் பலன்களைப் பாருங்கள். குதிரை சி6இல் நின்று மறித்துக்கொண்டிருந்த வழி திறக்கிறது. சி சிப்பாய் முன்னேறலாம். பி7க்கு வரும் பிஷப் நீண்ட மூலைவிட்டம் முழுவதையும் பார்க்கிறது. டி7 குதிரை மையச் சிப்பாய்க்கு முட்டுக் கொடுக்கிறது. வெள்ளையும் தன் பிஷப்பை மூன்று முறை நகர்த்தியிருப்பதால் இழந்த நேரம் பெரிதாக வலிப்பதில்லை. பிரெயரே இந்த நகர்வை ஆடிய ஆட்டம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. யோசனை அவருடையது என்று மட்டும் சதுரங்க மரபு சொல்லிவருகிறது.

சொன்னது அப்படி. செய்தது எப்படி என்பதற்கு 1917, புடாபெஸ்ட்.

எதிரே உட்கார்ந்தவர் யோஹன்னஸ் எஸ்ஸர், நெதர்லாந்துக்காரர், அந்த நாட்டின் வலுவான ஆட்டக்காரர்களில் ஒருவர். அதைவிட முக்கியமாக, அறுவை மருத்துவர். போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்குத் தோலும் சதையும் எடுத்துப் பொருத்திப் புது முகம் கொடுத்த முன்னோடிகளில் ஒருவர். வேலைக்காக ஆஸ்திரிய-ஹங்கேரிய மருத்துவமனைகளுக்கு வந்திருந்தார். பகலில் உயிருள்ள சிப்பாய்கள், ஓய்வு நேரத்தில் மரச் சிப்பாய்கள்.

பிரெயருக்கு வெள்ளை. ஏழாவது நகர்வில் எஸ்ஸர் ஒரு சிப்பாயை வெட்டி, வெள்ளை பிஷப்பைத் தாக்குகிறார். பதிலுக்கு அந்தச் சிப்பாயைப் பிஷப்பால் வெட்டுவதுதான் எவரும் செய்வது. பிரெயர் பிஷப்பைப் பி1க்கு இழுத்துக்கொள்கிறார். சிப்பாய் போயிற்று. பக்கத்து யானையின் வழியும் அடைபட்டது. பிறகு ஒரு குதிரையையும் வெட்டுக்கு விட்டுக்கொடுத்து, ராஜாவுக்கு எதிரே எச் வரிசையைத் திறக்கிறார். இனித் தாமதிக்காமல் பாய வேண்டியதுதான் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் நினைக்கும்போது, பதினான்காவது நகர்வில் தன் ராஜாவை எடுத்து, பக்கத்தில் ஒரு கட்டம், எஃப்1இல் வைக்கிறார்.

எதற்கு? ராஜாவை யாரும் மிரட்டவில்லை. கோட்டை கட்டும் உரிமையும் போயிற்று. எஸ்ஸருக்கும் அந்த நேரத்தில் புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதினேழாவது நகர்வில் யானை பலி. பத்தொன்பதாவதில், மூலையில் பதுங்கியிருந்த அந்தப் பி1 பிஷப் பலகையைக் குறுக்கே கடந்து போய்ப் பலியாகிறது. கருப்பு ராஜா வெட்டவெளிக்கு வருகிறது. இருபத்திரண்டாவதில் வெள்ளைச் சிப்பாய் ஜி6க்கு ஏறுகிறது. அது நகர்ந்ததும் கருப்பு பிஷப்புக்கு ஈ7இலிருந்து எச்4 வரை ஒரு வழி திறக்கிறது. வெள்ளை ராஜா பழைய இடமான ஈ1இல் இருந்திருந்தால், கருப்பு அந்த வழியில் வந்து ‘செக்’ கொடுத்துத் தப்பியிருக்கும். பிஷப்பை வெட்ட வரும் வெள்ளை ராணியைக் கருப்பு ராணி விழுங்கியிருக்கும். ராஜா எஃப்1இல் இருப்பதால் அந்த ‘செக்’ இல்லை. எட்டுப் பத்து நகர்வுக்குப் பின் திறக்கப் போகும் வழியை முன்பே பார்த்து ராஜாவை ஒதுக்கி வைத்திருக்கிறார். இருபத்தாறாவது நகர்வில், அதுவரை அசையாதிருந்த இன்னொரு பிஷப் முதல் முறையாக வெளியே வந்து ‘செக்’ சொல்கிறது. எஸ்ஸர் தோல்வியை ஒப்புக்கொண்டார். மூலை யானை கடைசி வரை ஏ1ஐ விட்டு நகரவே இல்லை.

இந்த மனிதருக்கு முன்னுக்குப் பின் பார்ப்பது ஒரு பித்து. புதிர்களுக்கும் மூளை விளையாட்டுகளுக்குமாக ஒரு பத்திரிகை நடத்தினார். நாம் மாலைமாற்று என்கிறோமே, ‘விகடகவி’ மாதிரி எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றே வரும் எழுத்து, அந்த வகையில் ஹங்கேரிய மொழியில் ஒரு காதல் கடிதமே எழுதியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஒரு சொல் இல்லை, வாக்கியம் இல்லை, ஒரு முழுக் கடிதம். காதலி அதை எந்தப் பக்கத்திலிருந்து படித்திருப்பாளோ!

போர் முடிந்தது. 1920 ஜூனில் டிரியானோன் ஒப்பந்தம் ஹங்கேரியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பிற நாடுகளுக்குக் கொடுத்தது. பிரெயர் இளைஞராகப் பட்டம் வென்ற தெமெஷ்வார் ருமேனியாவுக்குப் போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினில் ஒரு வலுவான போட்டி. பொகொல்யுபொவ், தார்த்தகோவர், ரெட்டி, மாரோட்சி, நம் மருந்துச் சீட்டு தாராஷ், எல்லாரும் இருந்தார்கள். முதலிடம் பிரெயருக்கு.

அடுத்த மாதமோ இன்னொரு சாதனை. கஷ்ஷா நகரில் பலகையைப் பார்க்காமலேயே ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேரோடு ஆடினார். 1919இல் ஹார்லமில் ரெட்டி ஆடிய இருபத்துநான்கு அதுவரை சாதனையாக இருந்தது, பிரெயர் அதை ஒன்றால் முந்தினார். ஒரு பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நகர்வுக்கு நினைவில் வைத்துப் பாருங்கள், பிறகு இருபத்தைந்தால் பெருக்குங்கள். கஷ்ஷாவும் அதற்குள் செக்கோஸ்லோவாக்கியா ஆகிவிட்டது, பெயர் கோஷித்ஸே. நவம்பரில் அவர் இதய நோயால் இறந்த ஊர் ஹங்கேரியர்களுக்குப் போஜோனி, ஜெர்மானியர்களுக்குப் பிரெஸ்பர்க், இன்று பிராட்டிஸ்லாவா. பட்டம், சாதனை, சாவு மூன்றுக்கும் அவருடைய நாட்டில் இடம் மிஞ்சவில்லை. கண்கட்டு ஆட்டத்தின் களைப்புதான் இதயத்தைக் கொன்றது என்று சிலர் கதை கட்டுவார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை.

நண்பர் ரெட்டி மறக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் பிரெயரின் சிந்தனைக்குத் தனி இடம் கொடுத்தார். 1924இல் நியூயார்க்கில் அதே ரெட்டி, மையச் சிப்பாய்களைத் தள்ளாமல் குதிரையோடு தொடங்கி, எட்டு ஆண்டுகளாக ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அன்றைய உலக சாம்பியன் கப்பாபிளாங்காவைத் தோற்கடித்தார். பி8க்குத் திரும்பும் குதிரையோ பல காலம் தூங்கியது. ரஷ்யர் ஸ்பாஸ்கி அதை எழுப்பி ஆடினார். 1972 ரெய்க்யவிக் உலகப் போட்டியின் பத்தாவது ஆட்டத்திலும் அமெரிக்கர் ஃபிஷருக்கு எதிராகக் குதிரையை வீட்டுக்கு அனுப்பினார். தோற்றார். இருபது ஆண்டு கழித்து இருவரும் மறுபடி மோதிய தொடரின் முதல் ஆட்டத்தில் திரும்பவும் அதே குதிரை, அதே பி8. திரும்பவும் தோற்றார். குதிரைமேல் பழி வேண்டாம். எதிரே இருந்தது ஃபிஷர்.

சரி, பலகைக்கு வருவோம். எஸ்ஸர் ஆட்டத்தின் பதினான்காவது நகர்வுக்கு முந்தைய நிலையை அடுக்கி வைத்திருக்கிறேன். வெள்ளை ஆட வேண்டும். நான் கருப்பு. முன்வரிசையிலிருந்து யார் வருகிறீர்கள்? நிபந்தனை ஒன்றுதான்: ராஜாவைத் தொடக்கூடாது.