எடுக்கும் முன் அளப்போம்: மூளையில் சேரும் இரும்பும் நாம் அழித்துவிடும் ஸ்கேன் படங்களும்

பேரன்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, நரம்பியல், கதிரியக்கத் துறைப் பேராசிரியப் பெருமக்களே, ஸ்கேன் அறையில் இரவு பகல் பாராமல் உழைக்கும் தொழில்நுட்பர்களே, பார்க்கின்சன், அல்சைமர் நோயாளிகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம். ஆட்சியர் அவர்கள் முதியோர் நலத்தைப் பற்றி உள்ளன்போடு பேசினார்கள். அந்த அன்பை நம்பித்தான் இந்த உரையின் முடிவில் ஒரு விண்ணப்பம் வைக்க இருக்கிறேன். முதல்வர் அவர்கள் தம் பணிகளுக்கு இடையே முதல் வரிசையில் அமர்ந்து கேட்பது இந்தத் துறைக்கே கிடைத்த மரியாதை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கொட்டுவதற்கே அளவு வேண்டுமென்றால், ஒரு மனிதனின் மூளையிலிருந்து ஒன்றை எடுப்பதற்கு எவ்வளவு அளவு வேண்டும்? நான்கு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். மூளைக்குள் இரும்பு ஏன் இருக்கிறது, அதை எப்படி அளக்கிறார்கள், எடுத்தால் என்ன ஆகும், அளந்த ஸ்கேன் படங்களை ஏன் அழிக்கக் கூடாது என்பவை அவை.

மூளைக்கு இரும்பு வேண்டும். அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற மூளை இரசாயனத்தைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு தேவை, நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறை உருவாகவும் தேவை. 1958இல் சுவீடனைச் சேர்ந்த ஹால்கிரனும் சவுராந்தரும் 81 பேரின் மூளைகளைப் பிரேதப் பரிசோதனையில் எடுத்து இரசாயன முறையில் அளந்தார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் 100 கிராம் ஈரத் திசுவுக்குச் சுமார் 21 மில்லிகிராம் இரும்பு. நெற்றிப்புற வெண்பொருளில் சுமார் 4 மில்லிகிராம். பாலிடஸில் முப்பது வயது வரை விறுவிறுவென்று ஏறி, பிறகு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நலமாக வாழ்ந்தவர்களுக்கே இப்படி. ஆகவே "உங்கள் மூளையில் இரும்பு இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் பயப்படாதீர்கள். எந்த இடத்தில், எந்த வயதில், எவ்வளவு என்று கேளுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் பார்க்கும் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்) அளவு மூளை இரும்பைக் காட்டாது. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, இரத்தசோகைக்கு மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

எடுத்தால் என்ன ஆகும்? இதை விரிவாகவே சொல்ல வேண்டும்; குடும்பத்தார் கேட்க வேண்டிய கதை இது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், டோபமைன் தயாரிக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில் இரும்பு கூடுகிறது என்பது தெரிந்த செய்தி. தலசீமியா நோயாளிகளின் உடலில் தேங்கும் இரும்பை வெளியேற்ற டெஃபெரிப்ரோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது மூளைக்குள்ளும் நுழையும். அப்படியானால் அதையே பார்க்கின்சனுக்கும் கொடுத்தால் என்ன? பிரான்சின் லீல் நகரத்து மருத்துவர்கள் 40 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாரும் ஏற்கெனவே டோபமைன் சிகிச்சையில் இருந்தவர்கள். 2014இல் முடிவு வந்தது. இரும்பு குறைந்தது, நடையிலும் அசைவிலும் முன்னேற்றம் தெரிந்தது. உலகமே எதிர்பார்ப்போடு பார்த்தது. அடுத்து ஐரோப்பாவில் பெரிய சோதனை. புதிதாக நோய் கண்டறியப்பட்டு, லெவோடோபா (உடலில் டோபமைனாக மாறும் மருந்து) தொடங்காத 372 பேர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, 36 வாரம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2022 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. ஸ்கேனில் இரும்பு குறைந்திருந்தது. ஆனால் நோயாளிகள்? வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களின் நோய் மதிப்பெண் 6.3 புள்ளி மோசமானது. மருந்து சாப்பிட்டவர்களுக்கோ 15.6 புள்ளி! நோய் முற்றி டோபமைன் சிகிச்சை தொடங்க வேண்டி வந்தவர்கள் வெறும் மாத்திரைப் பக்கத்தில் நூற்றுக்கு 2.7 பேர், மருந்துப் பக்கத்தில் 22 பேர். 2024இல் ஆஸ்திரேலியாவின் அல்சைமர் சோதனையிலும் இதே கதைதான். நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இரும்பு குறைந்தது, அறிவுத்திறன் இன்னும் வேகமாகச் சரிந்தது.

ஏன்? டோபமைன் செய்யும் நொதியிடம் இருந்த இரும்பையும் மருந்து பிடுங்கியிருக்கலாம் என்பது பார்க்கின்சன் சோதனைக்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். முதல் சோதனையில் லெவோடோபா அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கக்கூடும். நாம் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. காண்பது பெரும்பாலும் ஃபெரிட்டினுக்குள் பத்திரமாகச் சேமிக்கப்பட்ட இரும்பை. கட்டின்றித் திரிந்து கேடு செய்யும் இரும்பு அதன் கண்ணில் அநேகமாகப் படுவதே இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றால், எதை அளக்கிறோம் என்று தெரிந்து அளக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

இனி அளக்கும் முறை. தொழில்நுட்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் முப்பரிமாண மல்ட்டி எக்கோ கிரேடியன்ட் எக்கோ எடுக்க வேண்டும். எக்கோ என்பது திசுவிலிருந்து திரும்பி வரும் சிக்னலை ஒருமுறை பதிவது; ஐந்து எக்கோவாவது தேவை. முதல் எக்கோ முடிந்தவரை சீக்கிரம், கடைசி எக்கோ 30 மில்லிசெகண்ட் அருகில். வாக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், ஒரு மில்லிமீட்டர் கனசதுரம். தலை முழுவதும் அடங்க வேண்டும். துண்டு சாய்வாக இல்லாமல் நேராக இருப்பது நல்லது. நடுக்கம் உள்ள நோயாளியை மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் படுக்க வையுங்கள், தலையின் இருபுறமும் பஞ்சணை வையுங்கள். அசைந்த படத்தைப் பிறகு எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

இதிலிருந்து இரண்டு எண்கள் வரும். சிக்னல் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பது ஆர்-2-ஸ்டார். இரும்பு அதைக் கூட்டும். கால்சியமும் கூட்டும், மயலினும் கூட்டும். அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. திசு எவ்வளவு காந்தமாகிறது என்று காட்டும் க்யூ.எஸ்.எம். என்ற இரண்டாவது எண், சிக்னலின் கோணத்தைப் பதியும் ஃபேஸ் படத்திலிருந்து வருகிறது. இரும்பு காந்தப்புலத்தைச் சற்றே கூட்டும், கால்சியம் சற்றே குறைக்கும். வயதானவர்களுக்குக் குளோபஸ் பாலிடஸில் கால்சியம் படிவது சாதாரணம். வழக்கமாக எடுக்கும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு. க்யூ.எஸ்.எம்.மில் இரும்பு வெளுப்பாகவும் கால்சியம் கறுப்பாகவும் பிரிந்து நிற்கும். தேடும் வித்தியாசமோ ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு நுண்ணியது.

கணக்கு நான்கு படியாக நடக்கும். ஃபேஸ் கோணம் 180 பாகையைத் தாண்டியதும் கழித்தல் 180க்குத் தாவிவிடும். அந்த மடிப்புகளை முதலில் பிரிக்க வேண்டும். அடுத்து, சைனஸ் காற்றும் காதெலும்பும் உண்டாக்கும் பின்னணிப் புலத்தை நீக்க வேண்டும். அது திசுவின் புலத்தைவிடப் பன்மடங்கு பெரிது. மூளையின் எல்லையைத் தவறாக வரைந்தால் ஓரப் புறணி முழுவதும் பொய் சொல்லும். மூன்றாவது, புலத்திலிருந்து அதை உண்டாக்கிய பொருளைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்பது. முதன்மைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகைச் சாய்வில் தகவலே கிடைக்காது. அங்கே இரைச்சல் பெருகிப் படத்தில் கோடு கோடாக ஓடும். கடைசியாக ஒப்புநிலை: க்யூ.எஸ்.எம். எண்ணுக்குச் சொந்தப் பூச்சியம் கிடையாது. மூளைத் தண்டுவட நீரோடு ஒப்பிட்டதா, முழு மூளையோடு ஒப்பிட்டதா என்று எழுதாத அறிக்கையை வேறு ஊர் அறிக்கையோடு ஒப்பிடவே முடியாது.

இந்த எண்கள் சரிதானா என்று சோதிக்க இறந்தவரின் திசுதான் தேவை. அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து தனிமங்களை நிறையால் பிரித்தறியும் ஐ.சி.பி. மாஸ் கருவியில் அளப்பார்கள். எஃகுக் கத்தியால் வெட்டினால் கத்தியின் இரும்பே கணக்கில் ஏறிவிடும். பீங்கான் கத்தி வேண்டும். கருவியின் ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து 56 என்ற நிறையில் இரும்பாகவே வேடம் போடும். ஹீலியம் செல் இல்லாமல் அதை விலக்குவது கடினம். ஃபார்மலினில் நெடுநாள் ஊறிய திசுவிலிருந்து இரும்பு கசிந்துபோகும். பெங்களூரு நிம்ஹான்ஸில் மூளை வங்கி இருக்கிறது. மூளை தானம் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போட வேண்டும்.

குழந்தைகளையும் மறக்கக் கூடாது. மூளையில் இரும்பு சேரும் பான்க்-2 மரபணுக் கோளாறில், எம்.ஆர்.ஐ. படத்தில் குளோபஸ் பாலிடஸ் கறுத்து, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு புலிக்கண் போலத் தெரியும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும் என்பதால், சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆட்சியர் அவர்களே, முதல்வர் அவர்களே, இதுதான் என் விண்ணப்பம். எஸ்.டபிள்யூ.ஐ. எடுக்கும்போதெல்லாம் இயந்திரம் ஃபேஸைக் கணக்கிட்டே தீர வேண்டும். அதை வடிகட்டிப் பயன்படுத்திவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறோம். வடிகட்டிய ஃபேஸிலிருந்து க்யூ.எஸ்.எம். எடுக்க முடியாது, தேவையான தாழ்ந்த அலைவரிசைகள் போய்விட்டிருக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற ஊரில், அளந்ததையே ஆற்றில் போடுகிறோம். இடம் இல்லை என்று சொல்ல முடியுமா? 256க்கு 256 அளவில் 160 துண்டு, ஆறு எக்கோ எடுத்தாலும் ஃபேஸ் படங்கள் சுமார் 126 மெகாபைட்தான். கல்யாண வீடியோவில் சில நிமிடம் பிடிக்கும் இடம். இரண்டு ஆண்டு கழித்து அதே நோயாளி திரும்பி வரும்போது ஒப்பிட வேறு எதுவும் நம்மிடம் இருக்காது.

அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மையங்களிலும் நெறிமுறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். மறுஉருவாக்கப் பட்டியலில் மேக்னிட்யூட் (சிக்னலின் வலு), ஃபேஸ் இரண்டையும் தேர்வு செய்து, வடிகட்டாமல், இழப்புச் சுருக்கம் இல்லாமல், மருத்துவப் படங்களுக்கான டைகாம் கோப்பாகச் சேமிக்க வேண்டும். குடும்பத்தார் ஸ்கேன் சீட்டில் "எல்லா எக்கோக்களும், வடிகட்டாத ஃபேஸ் தொடரோடு" என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பிலிமோடு நிற்காமல் குறுந்தகட்டையும் கேளுங்கள். கிளம்பும் முன் அங்கேயே கணினியில் திறந்து, ஒவ்வொரு எக்கோவுக்கும் இரண்டு தொடர்கள் இருக்கின்றனவா என்று தொழில்நுட்பரோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள். ஒன்றுதான் இருந்தால் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். மூலத் தரவு பெரும்பாலும் இயந்திரத்தில் சில நாள்கூடத் தங்காது.